ஒரு றாத்தல் பாண்: யாழ்ப்பாணத்து வெக்கையில், சின்ன ஓவனில்

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு மின்சார ஓவன் வந்தது. 28 லீற்றர், மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, முன்னால் மூன்று திருகு. கேக் போடத்தான் வாங்கினோம். கேக் முதல் நாளே சரிவந்தது. பாண் சரிவந்தது ஏழாவது தடவைதான். முதல் பாணை அப்பா கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உது பாணோ செங்கல்லோ? பின்மதிலில ஒரு கல்லு குறையுது" என்றார்.

அந்த ஆறு பழுதிலும் நான் எங்கே பிழைவிட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மா குழைப்பது எப்படி என்று சொல்லப்போவதில்லை. ரொட்டி சுடத் தெரிந்தவருக்கு அது தெரியும்.

முதலில் பிளக்

ஓவனைப் பெட்டியால் எடுத்ததும் பின்பக்கம் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். எங்களுடையது 1500 வாற்று. 230 வோல்ற்றில் அது ஆறரை அம்பியர் இழுக்கும். எங்கள் வீடு போல பழைய வீடென்றால் குசினியில் இருப்பது சின்ன உருண்டைப் பின் சொக்கற், 5 அம்பியர். அதில் மாற்றுப் பிளக் ஒன்றைச் செருகி ஓவனைப் போட்டால் வேலை செய்யும், இருபது நிமிடத்தில் பிளக் இளகி மணக்கவும் தொடங்கும். நான் மணந்து பார்த்தவள். வயரிங் செய்யும் தம்பியைக் கூப்பிட்டு, தடித்த வயர் இழுத்து 13 அம்பியர் சதுரப் பின் சொக்கற் போட்ட பிறகுதான் நிம்மதி. எக்ஸ்ரென்சன் கோட் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. கனடாவில் இருந்து வரும் சாமான்கள். மச்சாள் ஆசையாகக் கொண்டுவந்த கை மிக்சரை அப்படியே சுவரில் செருகினேன். ஒரு சத்தம், ஒரு புகை, கதை முடிந்தது. அங்கே 120 வோல்ற், இங்கே 230. லண்டன் சாமான் என்றால் பயமில்லை, அங்கேயும் 230தான், பிளக்கும் சதுரப் பின்தான். கனடாச் சாமானுக்கு இறக்கி மின்மாற்றி வேண்டும், அதன் விலைக்கு இங்கேயே புது மிக்சர் வாங்கிவிடலாம். பாணுக்கு மிக்சர் தேவையும் இல்லை, கை போதும்.

அளவு

சுண்டு, அதாவது அளவுப் பேணி, அரிசிக்கு நல்ல அளவு. பாணுக்குச் சரிவராது. ஒரே பேணியில் மாவைத் தட்டி நிரப்பினால் ஒரு நிறை, அரித்து நிரப்பினால் இன்னொரு நிறை. ஆகையால் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். ஓவனோடு நான் வாங்கிய சாமான்களில் மிகவும் பிரயோசனப்பட்டது அதுதான். சிலிக்கன் அகப்பை, தூரிகை, கேக் சுற்றும் மேசை எல்லாம் அலுமாரியில் தூங்குகின்றன.

கோதுமை மா 300 கிராம்
தண்ணீர் 190 கிராம் (தண்ணீரையும் நிறுங்கள்)
சீனி 12 கிராம்
மாஜரின் அல்லது பட்டர் 15 கிராம்
உப்பு 5 கிராம்
உடனடி ஈஸ்ட் 3 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி

எல்லாம் சேர்ந்து 525 கிராம். வேகும்போது நீராவியாய்ப் போவது போக, ஏறக்குறைய 460 கிராம் மிஞ்சும். கடையில் ஒரு றாத்தல் பாணின் நிறை 450 கிராம் என்பதால் கணக்குச் சரி.

மா எங்கள் கடைகளில் கிடைக்கும் சாதாரண கோதுமை மாதான். அம்மம்மா அதைக் கடைசிவரை 'அமெரிக்கன் மா' என்றுதான் சொன்னா. இலங்கையில் கோதுமை விளைவதில்லை, தானியம் கப்பலில் வரும். திருகோணமலை பிறிமா ஆலையில் 1980 இலிருந்து அரைக்கிறார்கள். பாணுக்கு அந்த மாவே போதும்.

தண்ணீர் விடயத்தில் ஒரு சொல். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல் நிலம், கேத்திலுக்குள் வெள்ளைப் படை படியாத வீடு இல்லை. அந்தக் கடினத்தன்மை பாணைக் கெடுக்காது. ஆனால் கரையோரம், தீவுப்பக்கம் உவர்க் கிணறென்றால் உப்பை 3 கிராமாகக் குறையுங்கள். முதலில் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள்.

குழைத்தல்

மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து, மூடி, இருபது நிமிடம் விட்டுவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். திரும்பி வரும்போது மா தானே பாதி இழுபட்டு நிற்கும். அதன் பிறகு ஈஸ்ட், சீனி, உப்பு, கடைசியாக மாஜரின். பத்து நிமிடம் குழைத்து, ஒரு துண்டைக் கிள்ளி விரல்களால் விரித்துப் பாருங்கள். கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சவ்வுபோல் விரிந்தால் போதும். கையில் ஒட்டுகிறதென்று மேலே மேலே மா தூவாதீர்கள். எனது இரண்டாவது பாண் அப்படித்தான் இறுகியது.

பொங்க விடுதல்: நான் ஆறு முறை விழுந்த இடம்

நான் பார்த்த செய்முறைகள் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: "வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள்." நானும் வைத்தேன். வெதுவெதுப்புக்காக வெளிக் குந்தில் வெயில் படும் இடத்தில். சித்திரை மாதத்தில்!

ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் துவாயைத் தூக்கினால் மா சட்டியை நிரப்பிப் பொங்கி, நடுவில் குழி விழுந்து, மேலெல்லாம் குமிழாய்க் கிடந்தது. பெரிதாய்ப் பொங்கியிருக்கிறதே என்று சந்தோசப்பட்டு அச்சில் போட்டு, இன்னும் ஒரு மணித்தியாலம் விட்டு, ஓவனுக்குள் தள்ளினேன். பத்தாவது நிமிடம் கண்ணாடியால் பார்க்கப் பார்க்கவே உச்சி மெதுவாக இறங்கியது, காற்றுப்போன பந்து மாதிரி. வெட்டினால் மேலே வெற்றிடம், கீழே ஈரக் களி. அப்பா எட்டிப் பார்த்தார்: "என்ன பிள்ளை, குசினிக்குள்ள தவறணை மணக்குது?"

கள்ளு மணம்தான், அவர் சொன்னதில் பிழையில்லை. ஈஸ்ட் சீனியைத் தின்று விடுவது காற்றும் மதுவும். கள்ளுப் புளிப்பதும் அப்பமா பொங்குவதும் இதே வேலைதான். அளவுக்கு மிஞ்சிப் புளித்தால் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் சவ்வு களைத்துக் கிழிந்துவிடும். பிறகு ஓவனில் எழும்ப அதற்குப் பலம் இருக்காது.

நானோ பொங்கியது காணாதென்று நினைத்து அடுத்த முறை ஈஸ்ட்டைக் கூட்டினேன். அதற்கடுத்த முறை நேரத்தைக் கூட்டினேன். ஆறு பாணும் இப்படித்தான் போயின.

விசயம் இதுதான். அந்தச் செய்முறைகள் எழுதப்பட்ட குசினிகளில் சூடு 20 பாகை இருக்கும். கோண்டாவிலில் எங்கள் குசினியில், பகல் பதினொரு மணிக்கு, வெப்பமானி 32 காட்டியது. பத்துப் பாகை கூடினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அவர்களுடைய ஒன்றரை மணித்தியாலம் எங்களுக்கு நாற்பத்தைந்து நிமிடம். எங்கள் ஊரில் வெதுவெதுப்பான இடம் தேடத் தேவையில்லை, குளிரான இடம்தான் தேட வேண்டும்.

ஆகவே நான் இப்போது செய்வது:

தண்ணீர் பிரிட்ஜில் இருந்து, சில்லென்று. பாண் போடுவது விடியக்காலை, சூரியன் ஏற முதல். பகலில்தான் நேரம் என்றால் சட்டியை மண்பானைக்குப் பக்கத்தில், ஈரச்சாக்கின் மேல் வைக்கிறேன். ஈஸ்ட் 3 கிராமுக்கு மேல் இல்லை, பைக்கற்றின் பின்னால் என்ன எழுதியிருந்தாலும்.

மணிக்கூட்டைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். குழைத்த மாவில் ஒரு நெல்லிக்காயளவு கிள்ளி, ஒடுங்கிய நேரான கண்ணாடிப் போத்தலுக்குள் போட்டு அமத்திவிடுவேன். மாவின் மட்டத்தில் ஒரு இறப்பர் பாண்ட். அந்த மட்டத்துக்கு இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொன்று. போத்தலைச் சட்டிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். போத்தலுக்குள் மா இரண்டாவது பாண்டைத் தொட்டதும் சட்டியில் உள்ளதும் தயார். வைகாசியில் ஒருநாள் 35 நிமிடத்தில் தொட்டது. தை மாதப் பனிக் காலையில் இதைவிட நன்றாகப் பிந்தும், அப்போதும் போத்தல் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தொட்டதும் மாவை அமத்திக் காற்றை எடுத்து, பாய் மாதிரிச் சுருட்டி, மடிப்பு கீழே வரும்படி எண்ணெய் பூசிய அச்சில் வையுங்கள். இரண்டாவது பொங்கல் இன்னும் வேகமாக நடக்கும், 25 நிமிடம் போதும். விரலால் மெதுவாகக் குத்துங்கள். குழி உடனே மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. ஆறுதலாகப் பாதி வந்தால் சரி. வராமலே கிடந்தால் பிந்திவிட்டீர்கள், திரும்பக் குழைத்துத் தட்டையாக ரொட்டி சுட்டுவிடுங்கள்.

(பாண், பாண் சுடும் செங்கல் அடுப்பான போறணை, குசினி, மாவை மூடிய துவாய், எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். யாழ்ப்பாணத்தை அவர்கள் 1619 இலிருந்து 1658 வரை வைத்திருந்தார்கள். எங்கள் குசினியை இன்னும் விடவில்லை.)

சூடு

ஓவன் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். ஓவனுக்குள் தொங்கவிடும் சின்ன வட்ட வெப்பமானி கிடைக்கும், வாங்கிப் போட்டுப் பாருங்கள். என்னுடையதில் திருகு 180 என்றால் உள்ளே 205. போறணையில் செங்கல் முழுக்கச் சூடேறி ஒரே சீராக வேகவைக்கும். இது மெல்லிய தகரப்பெட்டி, கதவைத் திறந்தால் சூடு முழுக்க வெளியே போய்விடும். ஆகவே பதினைந்து நிமிடம் முன்சூடு, பிறகு அடித்தட்டில் பாண், கதவு திறப்பதில்லை.

முதல் பத்து நிமிடம் 200 பாகை, பிறகு 180 இல் இன்னும் இருபது, இருபத்தைந்து. மேல்கம்பி கிட்ட என்பதால் உச்சி சீக்கிரம் கறுக்கும், பொன்னிறம் வந்ததும் அலுமினியத் தாளால் ஒருமுறை சட்டென்று மூடுங்கள். வெந்ததா என்று பார்க்க அச்சால் எடுத்துக் கவிழ்த்து அடியைத் தட்டுங்கள். 'டொக் டொக்' என்று வெறும் பெட்டிச் சத்தம் வரவேண்டும். ஆறும்வரை, குறைந்தது ஒரு மணித்தியாலம், வெட்டாதீர்கள். இதை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

பின்சேர்க்கை 1

இரண்டு பேர் 'பொங்கவே இல்லை' என்று எழுதியிருந்தார்கள். ஈஸ்ட் பழசு என்று நினைத்தேன். ஒருவரிடம் கேட்டுப் பார்த்தால், புட்டுக்கு என்று அவித்து அரித்து வைத்திருந்த மாவில் குழைத்திருக்கிறா. எனக்கு இது தோன்றவே இல்லை! அவித்த மாவில் பசைத்தன்மை செத்துவிடும், சவ்வு வராது, காற்றும் நிற்காது. பச்சை மாதான் வேண்டும். எங்கள் வீடுகளில் இரண்டு மாவும் ஒரே மாதிரிப் பேணியில்தான் இருக்கும், எழுதி ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை 2

ஏர் பிரையரில் முடியுமா? முடியும், ஆனால் முழுப் பாண் வேண்டாம். விசிறிக் காற்றில் உச்சி பத்து நிமிடத்தில் கறுத்து நடு பச்சையாய் நிற்கும். இதே மாவை ஆறு பணிஸாக உருட்டி, 160 பாகையில் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். கூடைக்குள் இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

பின்சேர்க்கை 3

லண்டனில் இருந்து ஒரு அக்கா எனது 45 நிமிடத்தை அப்படியே எடுத்து மார்கழிக் குளிரில் செய்து பார்த்திருக்கிறா. இப்போது செங்கல் அங்கே. அக்கா, நான் உங்கள் ஊர்ச் செய்முறையில் விட்ட பிழையை நீங்கள் என்னுடையதில் விட்டிருக்கிறீர்கள். ஓவனை அணைத்தபடி உள் விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வையுங்கள், போத்தலும் பக்கத்தில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 4

கறண்ட் பில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்சூட்டோடு சேர்த்து ஐம்பது நிமிடம், கம்பி இடையிடையே அணைந்து எரிவதால் ஒரு யூனிட்டைக் கொஞ்சமும் தாண்டாது. மா, மாஜரின் எல்லாம் கூட்டினால் ஓட்டோவில் பாட்டோடு வருகிற பாணைவிடப் பெரிய இலாபம் ஒன்றும் இல்லை. அப்பா இன்னும் அந்தப் பாட்டுக் கேட்டால் படலைக்கு எழும்பிப் போகிறார், எனது பாண் மேசையில் இருக்கும்போதே.

சீனிச்சம்பல் பணிஸ் கேட்டவர்களுக்கு: மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் சம்பல் எண்ணெய் கசிந்து அடி பிளந்துவிட்டது. சரிவந்ததும் எழுதுகிறேன்.