ஆங்கிலக் கவிதையில் தடுக்கி விழும் இடங்கள்

ராபர்ட் ஃப்ராஸ்டின் ‘தி ரோட் நாட் டேக்கன்’ கவிதையை முழுதாகப் படிக்காதவர்களுக்கும் அதன் கடைசி வரிகள் தெரியும். ஆள் அதிகம் நடக்காத பாதையில் போனேன், எல்லாம் மாறியது அதனால்தான் என்று முடியும். வாழ்த்து அட்டை, பட்டமளிப்பு விழாப் பேச்சு என்று எங்கு பார்த்தாலும் அதை ‘கூட்டத்தோடு போகாதே, தனி வழியில் நட’ என்ற அறிவுரையாகவே சொல்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் வகுப்பில் அப்படித்தான் நடத்தினேன்.

இருபது வரிக் கவிதை அது. கடைசி இரண்டு வரியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மீதிப் பதினெட்டை விட்டுவிடுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. இரண்டாவது ஸ்டான்ஸாவுக்கு, அதாவது கவிதையின் இரண்டாவது பத்திக்குப் போய்ப் பாருங்கள். தான் தேர்ந்த பாதையில் புல் மண்டியிருந்தது, நடக்க ஆள் வேண்டும் என்பதுபோல் இருந்தது என்கிறார் பேசுபவர். சொன்ன கையோடு, உண்மையில் இரண்டு பாதையும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் தேய்ந்திருந்தன என்று சேர்க்கிறார். அடுத்த ஸ்டான்ஸாவில், அன்று காலை இரண்டிலுமே மிதிபட்டுக் கறுக்காத இலைகள் ஒரே மாதிரி கிடந்தன என்கிறார். அப்படியென்றால் ஆள் நடக்காத பாதை எங்கிருந்து வந்தது?

கடைசி ஸ்டான்ஸாவின் வினைச்சொல்லில் பதில் இருக்கிறது. அங்கே பேச்சு எதிர்காலத்துக்கு மாறுகிறது. வெகுகாலம் கழித்து, ஒரு பெருமூச்சோடு, நான் இப்படிச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்கிறார். ஒரே மாதிரி இருந்த இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டு, பிற்பாடு அதற்கு ஒரு காரணம் கட்டிக்கொள்ளும் மனித மனம்தான் அங்கே தெரிகிறது. தலைப்பும் போகாமல் விட்ட பாதையைத்தான் சொல்கிறது. ஃப்ராஸ்ட் இங்கிலாந்தில் இருந்தபோது அவரோடு நடக்க வந்த நண்பர் எட்வர்ட் தாமஸ், எந்த வழியில் போனாலும் மற்ற வழியில் போயிருக்கலாமே என்று வருந்துபவர். அந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்து எழுதிய கவிதை இது. இந்தப் பின்னணி தெரியாவிட்டாலும், இலைகளைப் பற்றிய வரியை நிதானமாகப் படித்தாலே போதும்.

சரி, பேசுபவர் யார்? கவிதையில் ‘நான்’ என்று வந்தால் அது கவிஞர்தான் என்று எடுத்துக்கொள்வது அடுத்த சறுக்கல். நமக்கு இது நடக்கவே கூடாது. ‘யாரும் இல்லைத் தானே கள்வன்’ என்று குறுந்தொகையில் ஒரு பெண் கலங்கும் பாட்டை எழுதியவர் கபிலர். அதைக் கபிலரின் சொந்தக் கதையாக நாம் படிப்பதில்லை. தலைவி கூற்று என்று தெளிவாகத் தெரிந்தே படிக்கிறோம். அதே கண்ணோடு 1842இல் வெளிவந்த ராபர்ட் பிரவுனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதைக்குப் போக வேண்டும். பேசுகிறவர் இத்தாலியில் உள்ள ஃபெராராவின் கோமகன். கேட்டுக்கொண்டிருப்பவர் அடுத்த கல்யாணம் பேச வந்த தூதர். இறந்துபோன மனைவியின் ஓவியத்தைக் காட்டி, அவள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள் என்று கோமகன் குறை சொல்கிறார். அதை நம்பி ‘டச்சஸ் ஒழுக்கம் இல்லாதவள்’ என்று தேர்வில் எழுதுகிறவர்கள் உண்டு. அவள் செய்ததாக அவர் அடுக்கும் குற்றங்களைப் பாருங்கள்: சூரியன் மறைவதை ரசித்தாள், யாரோ பறித்துக் கொடுத்த செர்ரிக் கொத்துக்கு மகிழ்ந்தாள், வெள்ளைக் கோவேறு கழுதையில் ஏறிச் சுற்றினாள். அவ்வளவுதான். அப்புறம் நான் ஆணையிட்டேன், சிரிப்பெல்லாம் நின்றுபோனது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, கோமகன் வரதட்சணைப் பேச்சுக்குப் போய்விடுகிறார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

ஃப்ராஸ்டின் ‘மெண்டிங் வால்’ கவிதைக்கும் இதே கதிதான். நல்ல வேலி நல்ல அண்டை வீட்டாரை உண்டாக்கும் என்பது அங்கே பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது. கவிதை சொல்லும் கருத்து அல்ல.

வேர்ட்ஸ்வொர்த்தின் ‘டாஃபடில்ஸ்’ கவிதையை நாட்குறிப்பு போலப் படிக்கிறோம். மேகம்போலத் தனியாக அலைந்தேன் என்கிறார். ஆனால் 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அவரோடு தங்கை டாரதியும் இருந்தார். அந்தப் பூக்களைப் பற்றி டாரதி தம் குறிப்பேட்டில் எழுதியது கிடைத்திருக்கிறது: சில பூக்கள் தலையணையில் சாய்வதுபோல் கற்களில் தலை சாய்த்திருந்தன, மற்றவை காற்றில் ஆடின. கவிதை எழுதப்பட்டது பிறகு. அச்சில் வந்தது 1807இல். 1815 பதிப்பில் வேர்ட்ஸ்வொர்த் ஒரு ஸ்டான்ஸாவையே புதிதாகச் சேர்த்தார். அகக்கண் பற்றிய இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை. அந்தத் தனிமை கவிதைக்காக உண்டாக்கியது. கடைசியில் சோபாவில் தனியாகக் கிடக்கும்போது பூக்கள் மனத்தில் வந்து ஆட வேண்டுமே, அதற்கு அது தேவைப்பட்டது.

அகராதியை நம்பி ஏமாறும் இடங்களும் உண்டு. பிளேக்கின் ‘தி டைகர்’ கவிதையில் ‘ஃபியர்ஃபுல்’ என்றால் பயந்த என்று இல்லை, பயமுறுத்துகிற என்று பொருள். ‘டாஃபடில்ஸ்’ கவிதையில் வரும் ‘கே’ (gay) இன்று வழங்கும் தன்பால் ஈர்ப்பு என்ற பொருளில் இல்லை, வெறும் மகிழ்ச்சிதான்.

ஜான் டன்னின் ‘எ வாலடிக்‌ஷன்: ஃபர்பிடிங் மோர்னிங்’ கவிதையில் சிக்கல் இன்னும் பெரிது. பிரிந்து போகும் கணவன், நம் உயிர்கள் இரண்டு என்றால் காம்பஸின் இரண்டு கால்கள்போல இரண்டு என்கிறான். நாம் கப்பலில் திசை காட்டுவதையும் காம்பஸ் என்கிறோம், கணக்குப் பெட்டியில் வட்டம் போட இருக்கும் கவராயத்தையும் காம்பஸ் என்கிறோம். பயணம் பற்றிய கவிதை என்பதால் மனம் கப்பலுக்குத்தான் போகும். என் வகுப்பில் ஒரு மாணவி நோட்டின் ஓரத்தில் நான்கு திசையும் குறித்து அழகாக ஒரு திசைகாட்டி வரைந்திருந்தார். அதற்குக் கீழே ‘காதல் வழி காட்டுகிறது’ என்று எழுதியிருந்தார். அது உவமை அணி என்றும் குறித்திருந்தார். அணியின் பெயரை எழுதியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை.

மறுநாள் ஒரு கவராயத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, வட்டம் போடச் சொன்னேன். ஊசிக் காலை நடுவில் குத்தினார். பென்சில் காலை விலக்க விலக்க, ஊசிக் காலும் நின்ற இடத்திலேயே சாய்ந்தது. பென்சில் கால் கிட்டே வந்ததும் நிமிர்ந்தது. திரும்ப ஒருமுறை விலக்கிப் பார்த்துவிட்டு, “இந்தக் கால் அதையே காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கு சார்” என்றார். அந்த ஸ்டான்ஸாவை நான் அதுவரை வகுப்பில் வாசிக்கவே இல்லை. டன் அந்தக் காலைப் பற்றி எழுதியிருப்பதும் அதுதான்: சாய்கிறது, காது கொடுத்துக் கேட்கிறது.