1986–95 டொயோட்டா பிக்கப்பில் முன் சாலிட் ஆக்சில் பொருத்தும் முறை

அமெரிக்காவில் விற்பனையான டொயோட்டா பிக்கப்பின் நான்கு சக்கர இயக்க வகையில், 1985 வரை முன்புறம் சாலிட் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) இருந்தது. 1986இல், ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் தனித்தியங்கும் சஸ்பென்ஷன் வந்தது. பாறைத் தடங்களுக்காக இந்தப் பிந்தைய வண்டியை உயர்த்தும்போது சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் சி.வி. ஜாயின்டுகளின் கோணம் மிகுந்து அவை உடையத் தொடங்குவதால், பலர் பழைய ஆக்சிலையே தேடிப் பொருத்துகின்றனர். 1979–85 ஆக்சிலின் டிஃபரன்ஷியலும் (விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் கியர் அமைப்பு) 1986–95 வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பகிரும் கியர்பெட்டி) முன் வெளியீடும் வலப்புறமே அமைந்திருப்பதால் இரண்டும் நன்கு இணங்கும். பின்னர் வந்த டொயோட்டா டகோமா பிக்கப்பில் அந்த முன் வெளியீடு இடப்புறம் இருப்பதால், இந்த ஆக்சில் அதற்கு ஒத்துவராது. பழைய ஆக்சில் அகலம் குறைந்தது என்பதையும், முன், பின் ஆக்சில்களின் கியர் விகிதங்கள் ஒன்றாக இருந்தே தீர வேண்டும் என்பதையும் வாங்கும் முன்பே கணக்கில் கொள்ளவும்.

எதையும் வெட்டுவதற்கு முன், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, முன் சக்கர மையங்களைத் தரையிலும் சேசிஸிலும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய பாகங்கள் போன பிறகு அளப்பதற்கு எதுவும் மிஞ்சாது. பின்னர் சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, டார்ஷன் பார்களின் (முறுக்கப்பட்டு ஸ்பிரிங்காகச் செயல்படும் கம்பிகள்) முறுக்கைச் சரிசெய்யும் போல்ட்டுகள் வழியாக முழுமையாகத் தளர்த்திய பிறகே மற்றவற்றைப் பிரிக்கவும். பழைய மவுண்டுகளை வெட்டும்போது சேசிஸில் கீறல் விழாமலும், அதையொட்டிச் செல்லும் பிரேக், எரிபொருள் குழாய்களில் தீப்பொறி படாமலும் காக்க வேண்டும்.

லீஃப் ஸ்பிரிங்கின் (அடுக்குத் தகட்டு ஸ்பிரிங்) முன்முனையைத் தாங்கும் ஹேங்கரையும், பின்முனையில் அசையும் இணைப்பான ஷேக்கிளின் மவுண்டையும் முதலில் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்தவும். எஞ்சின் உட்பட முழு எடையும் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகு, பின் ஆக்சிலிலிருந்து இருபுற நீளத்தையும் மூலைவிட்டங்களையும் ஒப்பிட்டு, அவை சரியாக இருந்தால் மட்டுமே முழு வெல்டிங் போடவும். வண்டியை உயர்த்தும்போது முன் ஷாஃப்டின் கோணம் கூடுவதால், அது இணையும் பினியனை (டிஃபரன்ஷியலின் உள்ளீட்டு கியர்) மேல்நோக்கித் திருப்ப ஆப்பு வைக்கும் ஆசை பலருக்கு வரும்; அவ்வாறு செய்தால் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி நேராக ஓடாது. எனவே டயர் உரசாத அளவுக்கு மட்டும் உயர்த்துவதே நல்லது.

மிகுந்த கவனம் கேட்பது ஸ்டீயரிங். பழைய ஆக்சிலின் டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு) முன்பின்னாகத் தள்ளி இழுப்பதால், உயர்த்திய வண்டியில் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். இதற்கு மாறாக, பக்கவாட்டில் அசையும் 1986–95 ஸ்டீயரிங் பாக்ஸை வைத்துக்கொண்டு, பிட்மேன் ஆர்மிலிருந்து (பாக்ஸிலிருந்து அசையும் கை) வலச் சக்கரத்தின் ஸ்டீயரிங் ஆர்ம் வரை குறுக்காக லிங்க் அமைத்து, அதை இயன்றவரை கிடைமட்டமாக வைப்பதே சிறந்தது. பாக்ஸ் நிற்கும் இடத்தில் சேசிஸ் விரிசல் விடக்கூடும் என்பதால், அங்கே கட்டாயம் வலுவூட்டும் தகடு வைத்து வெல்டிங் செய்யவும்.

இறுதியாக ஆக்சிலை முழுமையாக மேலேற்றி, அது எஞ்சின் எண்ணெய்த் தட்டில் மோதுவதற்கு முன்பே பம்ப் ஸ்டாப் (ஆக்சிலின் மேலேற்றத்தை நிறுத்தும் தடுப்பு) தடுக்கிறதா என்று பாருங்கள். பிறகு முழுமையாகக் கீழிறக்கி, பிரேக் ஹோஸ் இழுபடவில்லை என்பதையும் முன் ஷாஃப்ட் கழன்றுவிடாது என்பதையும் உறுதி செய்யவும். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யு-போல்ட்டுகள் புதியனவாகவே இருக்க வேண்டும். சிறிது தூரம் ஓட்டிய பின் அவற்றையும் ஸ்டீயரிங் ஆர்ம் நட்டுகளையும் மறுபடி முறுக்கி, வீல் அலைன்மென்ட் பார்த்த பிறகே நெடுஞ்சாலைக்குச் செல்லவும்.