இரண்டு நாடுகளின் கார்பன் செலவை ஒப்பிடுவது எப்படி?

கணக்குப் போடும் முன் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாடு வெளியிடும் கரியமில வாயுவால் உலகத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்பது ஒரு கணக்கு. உலகம் மொத்தமும் வெளியிடுவதால் அந்த நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம் என்பது வேறு கணக்கு. பெரும்பாலான ஒப்பீடுகள் இரண்டையும் கலப்பதால்தான் கெட்டுப்போகின்றன.

முதல் கணக்குக்கு இரு நாடுகளுக்கும் ஒரே டன் விலை போட வேண்டும். சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கியில் வந்தாலும் டெக்சாஸில் வந்தாலும் ஒரு டன் கரியமில வாயு செய்யும் சேதம் ஒன்றே. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2023-இல் வெளியிட்ட விலை: 2020-இல் வெளியாகும் டன்னுக்கு 190 டாலர், அதுவும் 2020-ஆம் ஆண்டு டாலர் மதிப்பில். இதற்குத் தள்ளுபடி வீதம், அதாவது வருங்கால நஷ்டத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் குறைத்துக் கணக்கிடும் வீதம், 2%. அதை 2.5% ஆக்கினால் விலை 120, 1.5% ஆக்கினால் 340. நூறு ஆண்டு கழித்து வரும் 100 ரூபாய் நஷ்டம் 2% வீதத்தில் இன்றைக்கு 14 ரூபாய், 3% வீதத்தில் 5 ரூபாய்தான் என்பதால் இவ்வளவு ஏற்ற இறக்கம். எந்த வீதம் எடுத்தாலும் இரு நாடுகளுக்கும் அதையே எடுங்கள்.

வல்லூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 190 டாலர் விலையில் அது 19 சென்ட். டாலருக்கு 83 ரூபாய் வைத்தால் கிட்டத்தட்ட 16 ரூபாய். கரண்ட் பில்லில் இது வராது. வெயிலாகவும் வெள்ளமாகவும் யார் தலையிலோ விழுகிறது.

இனி நாடுகள். 2023-இல் எரிபொருள், சிமென்ட் வழியாக இந்தியா வெளியிட்டது சுமார் 310 கோடி டன், அமெரிக்கா சுமார் 490 கோடி டன். 190-ஆல் பெருக்கினால் 58,900 கோடி டாலர், 93,100 கோடி டாலர். மக்கள்தொகையால் வகுத்தால் இந்தியருக்கு ஏறக்குறைய 410 டாலர், அமெரிக்கருக்கு 2,780. ஒரே ஒரு எண்தான் போட இடம் இருக்கிறது என்றால் இந்தத் தலைக்கணக்கையே போடுங்கள்.

இந்த நஷ்டம் ஜி.டி.பி.யில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சந்தை மாற்று வீதத்தில் இந்தியாவுக்கு 16%, அமெரிக்காவுக்கு 3.4% வரும். இந்தியா ஐந்து மடங்கு மோசம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். வாங்கும் திறனை, அதாவது அதே பணத்துக்கு உள்ளூரில் எவ்வளவு பொருள் கிடைக்கும் என்பதை, வைத்துப் பார்த்தால் இந்திய ஜி.டி.பி. சுமார் நான்கு மடங்காகி, 16% என்பது 4% பக்கம் இறங்கிவிடும். இரண்டையும் கொடுத்து, எது எந்த வீதம் என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

இரண்டாம் கணக்குக்கு நாடுவாரி ஆய்வுகள் உண்டு. 2018-இல் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ இதழில் வந்த ஒன்று, உலகில் எங்கு வெளியானாலும் ஒரு டன்னால் இந்தியாவுக்கு 86 டாலர், அமெரிக்காவுக்கு 48 டாலர் நஷ்டம் என்கிறது. குறைவாக வெளியிடுபவர் அதிகம் சுமக்கிறார் என்பதுதான் இந்த முழு வேலையிலும் கனமான முடிவு. ஆனால் 86-ஐ மேலே உள்ள 190-உடன் ஒப்பிடாதீர்கள். அந்த ஆய்வின் உலக மதிப்பு 417. 86 அதன் பங்கு.

அலகையும் பாருங்கள். பழைய கட்டுரைகளில் விலை கார்பன் டன்னுக்கு இருக்கும், அதை 3.67-ஆல் வகுத்தால்தான் கரியமில வாயு டன் விலை. இங்கே டன் என்பது 1,000 கிலோ; அமெரிக்க ‘ஷார்ட் டன்’ 907 கிலோதான்.

யார் கணக்கில் சேர்ப்பது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். இந்தோனேசிய நிலக்கரி இங்கே எரிந்தால் இந்தியக் கணக்கு. காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறும் காரைத் தயாரித்த புகையும் உற்பத்திக் கணக்கில் இந்தியாவுக்கே. நுகர்வுக் கணக்கில் கார் வாங்கும் நாட்டுக்கு.

எண்ணூர் கழிமுகத்தில் படியும் சாம்பலும், சுற்றுவட்டாரம் சுவாசிக்கும் கந்தக டை ஆக்சைடும் அந்த 190-இல் இல்லை. அவற்றைத் தனி வரிசையில் எழுதுங்கள். அவற்றின் சேதம் புகைபோக்கியைச் சுற்றி எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது; அதற்கு இரு நாடுகளுக்கும் ஒரே டன் விலை பொருந்தாது.