டாங்கிக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

நாகர்கோவில், தக்கலை பக்கம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களுக்குக் குறைவில்லை. அவர்களிடம் கேட்டுப் போர் வரலாறு எழுதும் இளைஞர்களும் கூடியிருக்கிறார்கள். ஆனால் விமானம் டாங்கியைத் தாக்கும் இடம் வந்ததும் எல்லோரும் ஒரே குழிகளில் விழுகிறார்கள். பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழையை விடுங்கள், யாராவது திருத்திவிடுவார்கள்.

விமானி சொன்ன எண்ணை அப்படியே எழுதுவது

எத்தனை தடவை சொன்னாலும் தீராத தவறு இது. 1944 ஆகஸ்ட், பிரான்சின் மோர்த்தேன். நேச நாட்டு விமானிகள் அழித்ததாகவும் சேதப்படுத்தியதாகவும் சொன்ன டாங்கிகள் 252. ஜெர்மானியர் களத்தில் இறக்கியதே அவ்வளவு இல்லை! பிரிட்டிஷ் ஆய்வுக் குழு நேரில் போய் எண்ணியபோது, டாங்கியும் பீரங்கி வண்டியுமாகக் கிடந்தவை 46. அவற்றில் வானிலிருந்து அடிபட்டவை 9.

விமானிகள் புளுகவில்லை. பிரிட்டனின் டைஃபூன் விமானத்தில் 8 ராக்கெட். இலக்குக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் முன்பே விட வேண்டும். நம் கரைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் உள்ள தூரத்தைப்போல இரு மடங்கு. பாய்ந்து இறங்கும் விமானம் அதை ஆறு விநாடிக்குள் கடந்துவிடும். வழிகாட்டி இல்லாத ராக்கெட் போகப்போகத் தாழும், காற்றுக்கு விலகும். பக்கத்தில் விழுந்தாலே புழுதி டாங்கியை மூடிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது 'காலி'. ஏற்கெனவே செத்த டாங்கியை அடுத்தவர் அடித்தால் அதுவும் கணக்கில் ஏறும்.

எனவே மூன்று பத்தி போடுங்கள்: விமானி சொன்னது, களத்தில் எண்ணியது, எதிரியின் சொந்த இழப்புப் பதிவு. சிதைவின் படம் கிடைத்தால் ஓட்டை எங்கே என்று பாருங்கள். ஜெர்மனியின் பாந்தர் டாங்கியின் மேல்தகடு 16 மி.மீ., முன்பக்கச் சரிவு 80 மி.மீ. முன்தகடு துளைபட்டிருந்தால் பெரும்பாலும் தரையிலிருந்து வந்த குண்டு. ஓட்டையே இல்லையென்றால், ஆட்கள் விட்டுவிட்டு ஓடிய வண்டியா என்று விசாரியுங்கள். மோர்த்தேனில் அப்படியும் கிடந்தன.

'அப்போ விமானம் வீண்' என்று முடிப்பது

வீண் இல்லை. பெட்ரோல் லாரி எரிந்தால் டாங்கி தானே நிற்கும்.

லோங்கேவாலாவில் இரவிலேயே ஹண்டர் வந்ததாக எழுதுவது

லோங்கேவாலா, 1971 போரில் பாகிஸ்தான் டாங்கிகள் தாக்கிய ராஜஸ்தான் எல்லைச் சாவடி. நம் விமானப்படையின் ஹண்டர் விமானங்கள் அங்கே இரவில் வரவில்லை. அந்த ஹண்டர்களில் இரவுப் பார்வைக் கருவி கிடையாது. 1971 டிசம்பர் 5 விடியும்வரை தாக்குப்பிடித்தது காலாட்படைக் கம்பெனியும் அதன் ஆர்.சி.எல். (பின்னுதைப்பு இல்லாத) பீரங்கியும்தான். மணலில் புதைந்து நின்ற டாங்கிகளையும் விமானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

1991-ஐ வைத்து 1944-ஐ அளப்பது

வளைகுடாப் போரில் அமெரிக்காவின் எஃப்-111 விமானங்கள் இரவில், சூடு ஆறாத டாங்கியை அகச்சிவப்புக் கருவியில் கண்டு, லேசர் வழிகாட்டும் 500 பவுண்டு குண்டைப் போட்டன. அது வேறு ஆட்டம். அப்போதும்கூட ஏ-10 என்ற தரைத்தாக்குதல் விமானத்தின் விமானிகள் சொன்னதில் மூன்றில் ஒன்றைத்தான் அமெரிக்கத் தரைப்படை கணக்கில் எடுத்தது.