போதைக் காளான்: உடனிருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலுக்கு வரும் இளைஞர்களில் சிலர் போதைக் காளானைத் தேடி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டவரின் நிலை மோசமாகும்போது, அவருடைய உயிர் அதே அறையில் இருக்கும் நண்பர்களின் கையில்தான் இருக்கிறது. போலீசுக்குப் பயந்து, விடியட்டும் என்று அவர்கள் காத்திருப்பதுதான் முதல் தவறு. காளானில் உள்ள சிலோசைபின் தடை செய்யப்பட்ட பொருள் என்பதும், மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்லக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் சட்ட நடைமுறையைக் காரணம் காட்டி அவசரச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது என்று 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வலிப்பு, நினைவிழப்பு, மூச்சுத் திணறல், தொட்டால் அனலாய்க் கொதிக்கும் உடம்பு, அடங்காத வெறி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

போதை தெளியட்டும் என்று புளித் தண்ணீரோ உப்புத் தண்ணீரோ புகட்டி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அரைமயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். நினைவில்லாமல் மூச்சு விடுபவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். திமிறுகிறார் என்று குப்புறப் போட்டு முதுகில் ஏறி அழுத்துவது மூச்சையே நிறுத்திவிடலாம். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், இரவுக் குளிரில், பாதை எது பள்ளம் எது என்று தெரியாத ஒருவரை, கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும் என்று வெளியே அனுப்புவதும் அதே அளவு ஆபத்தானது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. சிலோசைபினின் போதை பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆறு மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்குகின்றன என்றால், சாப்பிட்டது கல்லீரலைச் சிதைக்கும் அமடாக்சின் கொண்ட நச்சுக் காளானாக இருக்கக்கூடும். அந்த நஞ்சின் கொடுமை, மறுநாள் வாந்தி நின்று ஆள் தேறிவிட்டதுபோல் காட்டுவதுதான். டீ குடித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுபவரின் கல்லீரல் அந்த நேரத்தில் அழிந்துகொண்டிருக்கலாம். கண் மஞ்சளாகும்போது நெடுநேரம் கடந்திருக்கும். ஆகவே, வாந்தி நின்றாலும் மருத்துவமனைக்குப் போய்க் கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மிச்சமிருக்கும் காளானைக் காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், கூடவே மது குடித்தாரா, லித்தியம் போன்ற மனநல மாத்திரைகள் எடுத்துக்கொள்பவரா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.