அமெரிக்க காங்கிரஸும் ஆயுத ஒப்பந்தங்களும்: செய்தி படிக்கும்போது செய்யும் தவறுகள்

1999 அக்டோபரில் அணு ஆயுதச் சோதனைத் தடை ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் 48-51 என்று தோற்றது. அத்தோடு கதை முடிந்தது என்று எழுதுவதுதான் அதிகம் கண்ணில் படும் தவறு. ஒப்புதலுக்கு அவைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை, சரி. ஆனால் 1992 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்கா ஓர் அணுகுண்டைக்கூட வெடித்துச் சோதிக்கவில்லை. அந்தச் சோதனைகளை முதலில் நிறுத்திவைத்ததே செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த காங்கிரஸ்தான். 1992இல் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அப்போதைய அதிபர் மூத்த ஜார்ஜ் புஷ் மனமில்லாமலேயே கையெழுத்திட்டார். எனவே செனட்டின் வாக்கை மட்டும் பார்க்காமல் பணம் எங்கே ஒதுக்கப்படுகிறது, எங்கே மறுக்கப்படுகிறது என்று பாருங்கள். ஒப்பந்தங்களில் வாக்கில்லாத பிரதிநிதிகள் சபைக்கும் அங்கே முழு அதிகாரம் உண்டு.

இன்னொன்று, செனட் ஒப்புதல் தந்தவுடன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று நினைப்பது. அதை இறுதியாக உறுதிசெய்பவர் அதிபர். அப்புறம், 2010இல் செனட்டில் 71-26 என்று நிறைவேறிய நியூ ஸ்டார்ட் (ரஷ்யாவுடனான அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம்) போன்றவற்றில் வாக்கு எண்ணிக்கையை விட ஒப்புதல் தீர்மானத்தோடு சேர்த்த நிபந்தனைகள் முக்கியம்.

ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுவதற்கும் செனட்டின் ஒப்புதல் வேண்டும் என்று நம்புவது இன்னும் பெரிய தவறு. அதைப் பற்றி அமெரிக்க அரசமைப்பில் ஒரு வரிகூட இல்லை. 1972இல் செனட் 88-2 என்று ஒப்புக்கொண்ட ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்திலிருந்து 2002இல் இளைய புஷ் எந்த வாக்கெடுப்பும் இன்றி விலகினார். நாடுகள் ஒன்றின் மேல் ஒன்று கண்காணிப்பு விமானங்களைப் பறக்கவிட அனுமதிக்கும் திறந்த வான்வெளி ஒப்பந்தத்தில் இருந்து விலக நோட்டீஸ் கொடுப்பதற்கு 120 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும் என்று காங்கிரஸ் சட்டமே போட்டது. 2020இல் டிரம்ப் நிர்வாகம் அதையும் பொருட்படுத்தவில்லை. உள்ளே நுழைய அறுபத்தேழு பேர் வரை தேவைப்படும் இடத்தில் வெளியேற ஒருவர் போதும் என்பது என் பார்வையில் ஆபத்தான ஓட்டை.

ஆயுத விற்பனையில் விதி தலைகீழ். பெரிய விற்பனை என்றால் காங்கிரஸுக்கு முன்கூட்டியே, வழக்கமாக 30 நாள் முன்பு, அறிவிப்பார்கள். யாரும் தடுக்காவிட்டால் விற்பனை நடக்கும். தடுத்தாலும் அதிபரின் வீட்டோ இருக்கிறது. 2019இல் சவுதி அரேபியாவுக்கும் அமீரகத்துக்குமான விற்பனைகளுக்கு எதிரான மூன்று தீர்மானங்கள் அப்படித்தான் வீழ்ந்தன. ஆகவே ‘ஆயுத விற்பனைக்கு காங்கிரஸ் அனுமதி’ என்ற தலைப்பைப் பார்த்தால், வாக்கெடுப்பு ஏதும் நடந்ததா என்று தேடுங்கள். பெரும்பாலும் நடந்திருக்காது.