அமெரிக்கக் கால்பந்தில் ஓடுபவர் ‘டவுன்’ ஆனாரா? நீங்களே பார்த்துச் சொல்ல ஒரு வழி

பந்தோடு ஓடியவர் விழுகிறார், அதே வேகத்தில் பந்தும் கையைவிட்டு நழுவுகிறது. ஒரு பக்கம் “டவுன்” (அவர் ஓட்டம் அங்கேயே முடிந்தது) என்று கத்துகிறது, மறுபக்கம் “ஃபம்பிள்” (பந்தை நழுவவிட்டார், எந்த அணியும் எடுக்கலாம்) என்று கத்துகிறது. ரீப்ளேயை எத்தனை முறை போட்டாலும் சண்டை ஓயாது. அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இது. எல்லாரும் முழங்காலையே பார்ப்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். முழங்கால் தரையில் பட்ட அந்த நொடியில் பந்து எங்கே இருந்தது என்பதில்தான் தீர்ப்பே இருக்கிறது. கீழே உள்ள வரிசையில் பாருங்கள்.

படி 1: எந்த லீக் என்று பாருங்கள்

கல்லூரி ஆட்டத்துக்கு ஒரு விதி, தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லுக்கு வேறு விதி. கல்லூரி ஆட்டத்தில் ஓடுபவரின் கை, பாதம் தவிர உடலின் எந்தப் பகுதி தரையில் பட்டாலும் அவர் டவுன். யாரும் தொட்டிருக்க வேண்டியதில்லை, தானாக வழுக்கி விழுந்தாலும் கதை முடிந்தது. என்எஃப்எல்லில் எதிரணிக்காரர் தொட்டிருக்க வேண்டும். சண்டைகளில் பாதி, ஒருவர் கல்லூரி விதியையும் இன்னொருவர் என்எஃப்எல் விதியையும் மனதில் வைத்துப் பேசுவதால் வருபவை.

படி 2: என்எஃப்எல் என்றால், தொட்டது யார், எப்போது?

2000இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் புதுமுக வீரர் பிளாக்ஸிகோ பரஸ், ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கு எதிராக ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எதிரணியில் யாரும் அவரைத் தொடவில்லை. ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைத்து எழுந்தவர், சந்தோஷத்தில் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தார். ஆட்டம் நிற்கவே இல்லை, அது ஃபம்பிள். பந்தை ஜாகுவார்ஸ் எடுத்துக்கொண்டது. இதே விழுகை கல்லூரி ஆட்டத்தில் நடந்திருந்தால், விழுந்தபோதே டவுன்.

விழும்போது தொட்டாலும் சரி, விழுந்து கிடக்கும்போது வந்து தொட்டாலும் சரி, டவுன்தான். 2020இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டேனியல் ஜோன்ஸ், பிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக 80 யார்டு ஓடி, எதிரணியின் கோல் லைன் என்ற எல்லைக் கோட்டுக்கு 8 யார்டு இருக்கும்போது தானே தடுமாறி விழுந்தார். யாரும் நெருங்காமல் இருந்திருந்தால் எழுந்து போய், பந்தோடு அந்தக் கோட்டை எட்டி டச்டவுன் போட்டிருக்கலாம். துரத்தி வந்தவர்கள் தொட்டதும் அந்த ஓட்டம் முடிந்தது.

ஓடுபவர் தானாகவே ஆட்டத்தைக் கைவிடும்போது மட்டும் தொட வேண்டியதில்லை. குவார்ட்டர்பேக் காலை முன்னே நீட்டிச் சறுக்குவதும், ஆட்டத்தின் கடைசியில் மண்டியிடுவதும் இந்த வகை.

படி 3: உடலில் எது பட்டது?

உள்ளங்கையை ஊன்றித் தடுமாறாமல் ஓடலாம், அது டவுன் அல்ல. முழங்கால், முழங்கை, முன்கை, கணுக்காலுக்கு மேலுள்ள கால் பகுதி, இடுப்பு, முதுகு என்று எது பட்டாலும் டவுன். இன்னொருவரின் உடல்மேல் விழுந்தால் அது தரை அல்ல. அவர்மேல் உருண்டு எழுந்து ஓடினாலும் ஆட்டம் செல்லும். கையில் பிடித்த பந்து தரையில் படுவதாலும் டவுன் ஆகாது.

படி 4: அந்த நொடியில் பந்து எங்கே?

நிதானமாகப் பார்க்க வேண்டிய படி இதுதான். உடல் தரையில் படும் ஃபிரேமில் ரீப்ளேயை நிறுத்துங்கள். பந்து கையில் உறுதியாக இருந்தால் டவுன், அதன்பின் நழுவியது கணக்கில் வராது. உடல் படுவதற்கு முன்பே பந்து அசைந்து கையைவிட்டுப் பிரியத் தொடங்கியிருந்தால் ஃபம்பிள். “தரையால் ஃபம்பிள் உண்டாகாது” என்று வர்ணனையாளர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். உடலுக்கு முன் பந்து தரையில் மோதி நழுவினால் அது ஃபம்பிள்தான்.

கோல் லைன் அருகிலும் இதே கேள்விதான். 2000 ஜனவரி 30 அன்று அட்லாண்டாவில் நடந்த, என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் கடைசி நகர்வைத் தேடிப் பாருங்கள். டென்னஸி டைட்டன்ஸின் கெவின் டைசன் பந்தோடு பாய்கிறார், செயின்ட் லூயிஸ் ராம்ஸின் மைக் ஜோன்ஸ் அவர் காலைக் கட்டிப்பிடிக்கிறார். டைசனின் கை கோட்டை நோக்கி நீண்டுகொண்டே போகிறது. ஆனால் அவர் உடல் தரையில் பட்டபோது பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. ராம்ஸ் 23–16 என வென்றது. நீண்ட கையைப் பார்க்காமல், உடல் பட்ட ஃபிரேமில் பந்தை மட்டும் பாருங்கள், சந்தேகமே வராது.

படி 5: விழாமலே முடியும் ஆட்டம்

ஓடுபவரைப் பிடித்து நிறுத்தி, முன்னே போக விடாமல் பின்னே தள்ளினால், நின்றபடியே அவர் ஓட்டம் முடிந்ததாக நடுவர் விசில் ஊதலாம். அவர் எட்டிய கடைசி இடமே கணக்கு. 2018 ஜனவரியில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் டெரிக் ஜான்சன், டைட்டன்ஸின் மார்கஸ் மரியோட்டாவைப் பிடித்து வீழ்த்தியபோது பந்து வெளியே வந்தது. முன்னேற்றம் ஏற்கெனவே நின்றுவிட்டது என்றார்கள் நடுவர்கள், ஃபம்பிள் கிடைக்கவில்லை. டைட்டன்ஸ் 22–21 என வென்றது. சீஃப்ஸ் ரசிகர்களின் கோபம் நியாயமானது என்றே சொல்வேன். முழங்காலை ஃபிரேமில் காட்டிவிடலாம், “முன்னேற்றம் நின்றது” என்பதைக் காட்ட அப்படி எந்த ஃபிரேமும் கிடையாது.

படி 6: ரீப்ளே எதை மாற்றும்?

களத்தில் சொன்ன தீர்ப்பை மாற்றத் தெளிவான காட்சி வேண்டும். தெளிவில்லையென்றால் முதல் தீர்ப்பே நிற்கும். அதனால் களத்தில் முதலில் என்ன சொன்னார்கள் என்று எப்போதும் கவனியுங்கள்.

ரீப்ளே இருந்தும் தவறு நடந்திருக்கிறது. 2015 அக்டோபர் 31 அன்று மியாமி பல்கலைக்கழகம், டியூக்குக்கு எதிராகக் கடைசி கிக்காஃபில் எட்டு முறை பந்தைக் கைமாற்றி டச்டவுன் போட்டு 30–27 என வென்றது. நடுவில் ஒரு வீரர் பந்தை எறியும் முன்பே அவர் முழங்கால் தரையில் பட்டுவிட்டது. ரீப்ளே பார்த்த பிறகும் அதை விட்டுவிட்டார்கள். அந்தக் கல்லூரி அணிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பின் நிர்வாகமே பிறகு தவறை ஒப்புக்கொண்டு நடுவர் குழுவை இரண்டு ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தது. முடிவு மட்டும் மாறவில்லை.

நீங்கள் பார்க்கும்போது ஒரு கோணத்தில் முழங்கால் தெரியும், பந்தை வேறு உடல்கள் மறைத்திருக்கும். இன்னொரு கோணத்தில் பந்து தெரியும், கால் தெரியாது. இரண்டிலும் தெரியும் ஏதாவது ஒரு அசைவைப் பிடியுங்கள், உதாரணமாக எதிரணிக்காரரின் தோள் வந்து மோதும் கணம். அங்கிருந்து இரண்டையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்.